வெள்ளையம்மாவும் சம்மதித்த தீர்மானம்

மேல் டிவிசன், லுணுகலை
மே 6

மாண்புமிகு இஸ்ரா ஸலீம் அவர்களுக்கு,

நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரை பிளாக் பண்ண வழியில்லை என்பதால் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் முதல் பக்கத்தைக் கிழி. அது முழுக்கச் சண்டை. மன்னிப்பு இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது.

முதலில் சண்டை. போன திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிய, பிறப்புச் சான்றிதழும் எண்ணெய் வைத்த தலையுமாகப் பள்ளிக்கூடம் போனேன். அதிபர் விஜேந்திரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல செய்தி இல்லை என்பது உனக்கும் தெரியும்.

"இந்த வருசத்தில இருந்து நம்ம ஸ்கூல்ல உயர்தரம் இல்ல. பெற்றோர் கூட்டத்தில தீர்மானம் எடுத்தாச்சு."

"எந்தக் கூட்டம் சேர்?"

"வீட்டில போய் அம்மாகிட்ட கேளு."

கேட்டேன். "கூட்டமா? எனக்குத் தெரிஞ்ச கூட்டம் காலையில பெரட்டுக் களத்தில நிக்கிற கூட்டம்தான்" என்றார் அம்மா. அந்தக் கூட்டத்தில் தோட்டத் துரை கொழுந்து பறிக்க எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்வார். தீர்மானம் எல்லாம் கேட்கமாட்டார்.

இப்போது நீ. பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுவாரமே பெட்டி கட்டிக்கொண்டு பதுளைக்குப் போனாய். "மாமிக்குத் துணைக்கு" என்றாய். துணைக்குப் போகிறவளுக்கு உயர்தரச் சீருடை எதற்கு என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். உன் வாப்பா பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாலு வருசம் ஒரே பெஞ்சில் இருந்தோம். என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் உயர்தரமே இல்லை, இஸ்ரா. பதுளைக்குத் தினமும் போய் வர முடியாது, தங்க மாமியும் கிடையாது. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று பெரியப்பா இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் வருவதற்குள் எனக்கு வகுப்பு வர வேண்டும்.

(இரண்டாவது பக்கம்)

உங்கள் கடைக் கதவில் ஒட்டியது நான்தான். "காணவில்லை. பெயர்: உயர்தர வகுப்பு. வயது இருபத்திரண்டு. நிறம்: சுண்ணாம்பு உதிர்ந்த வெள்ளை. கடைசியாகப் பெப்ரவரியில் காணப்பட்டது. கண்டவர்கள் செயலாளர் ஸலீம் அவர்களின் கொப்பி பென்சில் கடையில் அறிவிக்கவும்." நகரம் முழுக்கப் படம் எடுத்து அனுப்பும் என்று நினைக்கவில்லை. உன் உம்மா அழுததாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்பு. நோட்டீசுக்கு இல்லை.

நிரோஜா

---

பதுளை
மே 10

நிரோஜா,

உன் மன்னிப்பு ஒன்றரை வரி. சண்டை ஒரு பக்கம். உன் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

உம்மா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. ஒரு கலியாண வீட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அங்கே எல்லார் கைப்பேசியிலும் எங்கள் கடைக் கதவு இருந்ததாம். நீ எழுதினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நீ திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறாய். "அங்க இனி சரிவராது மகள்" என்று வாப்பா சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னிடம் சொல்ல வேண்டி வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் பட்டிருக்கலாம். இதை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

வாப்பாவுக்கும் காரணம் இருக்கிறது. உயர்தரம் படிப்பித்த இரண்டு ஆசிரியர்கள் இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார்கள். பதிலுக்கு ஆள் இல்லை. போன வருசம் அந்த வகுப்பில் ஒன்பது பேர். "பரீட்சைக்கு முன்ன இதச் சொன்னா பிள்ளைகள்ட மனசு உடஞ்சு போகும், பொறகு சொல்லிக்கலாம் எண்டு நெனச்சோம்" என்றார். கூட்டம் நடந்தது என்றும் சொன்னார். அறுபத்தொரு பெற்றோரின் கையெழுத்து இருக்கிறதாம். அறுபத்தொரு பேரும் பொய்யா?

இனி எழுதாதே. எழுதுவதாக இருந்தால் உறையின் மேல் "மாண்புமிகு" போடாதே. ஸுபைரா மாமி அதைப் பார்த்துவிட்டு, தேர்தலில் நிற்கிறாயா என்று கேட்கிறார்.

இஸ்ரா

---

மேல் டிவிசன்
மே 14

இஸ்ராவுக்கு (மாண்பு நீக்கப்பட்டது),

எழுதாதே என்று சொல்லிவிட்டு உறைக்கு அறிவுரை சொல்கிறவளை நான் எப்படி நம்புவது?

அந்த அறுபத்தொரு பேரைத் தேடி இரண்டு நாளாக லயம் லயமாக, வாசல் வாசலாக அலைகிறேன். கூட்டம் நடந்த நாள் பெப்ரவரி பத்தொன்பது, புதன்கிழமை, காலை பத்து மணி. அந்த நேரம் நம் பெற்றோர் எங்கே இருப்பார்கள்? முதுகில் கூடையோடு மலையில். அரை நாள் வராவிட்டால் அன்றைய பேர் போய்விடும். ஒரு பேர் என்பது ஒரு நாள் சம்பளம். பதுளையில் இருந்து மறந்துவிட்டாயோ என்று ஞாபகப்படுத்துகிறேன். கூட்ட அறிவித்தலைப் பள்ளிக்கூட வாசலில் ஒட்டினார்களாம். அந்த வாசலைத் தினமும் பார்ப்பது பிள்ளைகளும் இரண்டு நாய்களும்தான். லயங்களில் இருந்து ஒருவர்கூடக் கூட்டத்துக்குப் போகவில்லை. போனால் மலையில் பேர் போகும். போகாவிட்டால் தாளில் பேர் ஏறும். நல்ல ஏற்பாடு.

இன்னொரு செய்தி. நம் வகுப்புக் கலாராணி போய்விட்டாள். வகுப்பு இல்லை என்று காதில் விழுந்ததும் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்கில் நம் இருவரையும் சேர்த்துப் போட்டாலும் அவளுக்குப் பக்கத்தில் வர மாட்டோம். பஸ் ஏறும்போது தன் புவியியல் கொப்பியை என்னிடம் கொடுத்தாள். நான் எப்போதும் பகிடி விடுகிறவள், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கூட்டக் குறிப்பும் வருகைத் தாளும் வேண்டும் என்று. விண்ணப்பதாரர் என் தாயார் கனகம்.

"எதுக்கு வேணும்னு எழுதலையாடி?" என்றார் அம்மா.

"காரணம் சொல்லத் தேவையில்லையாம். சட்டம் அப்படி."

"காரணம் சொல்லாம கேக்கிறதா? நான் ஒரு நாள் லீவு கேக்கவே கங்காணிகிட்ட அரை மணி நேரம் காரணம் சொல்றேன்."

நேற்று ஒரு பேரை விட்டுவிட்டு அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தார். "இது பள்ளிக்கூடம், அரசாங்கக் கச்சேரி இல்ல" என்றார் அதிபர். அம்மா அங்கேயே நின்றார். கதிரையில் உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. இருபது நிமிடம் கழித்துச் சேர் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினான்கு வேலை நாளில் பதில் வர வேண்டும்.

கூட்டக் குறிப்புப் புத்தகம் உன் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். களவெடு என்று சொல்லவில்லை. உன் வாப்பாவிடம் கேள் என்கிறேன். உயர்தரம் என்றால் என்ன தெரியுமா? உயரத்தில் இருக்கிறவர்கள் தர வேண்டியது. அவர்கள் தரவில்லை, நாம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

நிரோஜா

---

பதுளை
மே 19

நிரோஜா,

நான் கேட்கவில்லை.

விண்ணப்பம் வந்த நாளிலிருந்து வாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உம்மா சொல்கிறார். "கடையில நிண்டு பேப்பர் எல்லாம் சும்மா வாசிச்சிட்டுப் போற புள்ள, ஒரு நாளும் நான் ஒண்டும் சொன்னதில்ல, என்னட்ட நேரா வந்து கேட்டிருந்தா என்ன" என்றாராம். நீ நேராகப் போய்க் கேட்டாயா? இல்லை. கதவில் ஒட்டினாய். பிறகு சட்டத்தை அனுப்பினாய். நடுவில் ஒரு மனிதர் இருந்தார்.

இங்கே என் வகுப்பில் நாற்பத்துநாலு பேர். யாருக்கும் என் பெயர் தெரியாது. "லுணுகலை, கொஞ்சம் தள்ளு" என்கிறார்கள். மூன்றாம் வரிசையில் சுவர் ஓரமாக உட்காருகிறேன். பக்கத்தில் இருப்பவள் ஆசிரியர் எழுதுவதற்கு முன்பே எழுதிவிடுகிறாள். உன்னைப் போல ஆசிரியரின் மூக்கை வரைகிறவள் இல்லை.

எழுத நினைத்தது இதெல்லாம் இல்லை. பெப்ரவரியில் சீருடைத் துணி வந்தபோது நாம் இரண்டு பேரும் லயங்களுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? வாப்பா கொடுத்த தாள்கள். நான் ஓரத்தில் இலக்கம் போட்டேன், நீ ஆட்களைக் கூப்பிட்டாய். அந்தத் தாளில் மேலே தலைப்பு இருந்ததா?

எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஞாபகம் இருக்கிறது.

இஸ்ரா

---

மேல் டிவிசன்
ஜூன் 5

இஸ்ரா,

பதில் வந்துவிட்டது. பதினான்காவது வேலை நாள், பின்னேரம். இரண்டு பிரதிகள். ஒன்று கூட்டக் குறிப்பு: "கலந்துரையாடலின் பின் உயர்தர வகுப்பை நிறுத்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." மற்றது வருகைத் தாள். மேலே உன் வாப்பாவின் அழகான கையெழுத்தில் "பெற்றோர் கூட்டம், வருகையும் சம்மதமும்." கீழே ஓரத்தில் ஒன்று முதல் அறுபத்தொன்று வரை, வால் முளைத்த ஏழுகள். அப்படி ஏழு போடுகிறவள் இந்த மாகாணத்தில் ஒருத்திதான்.

முப்பத்தாறாவது: கனகம், ஏழாம் காம்பரா. என் அம்மா.

முப்பத்தேழாவது: க. வெள்ளையம்மா, ஏழாம் காம்பரா.

உனக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கும். அன்றைக்கு வெயில், களைப்பு, நீ "இன்னும் எத்தன லயம்?" என்று முணுமுணுத்தாய். உன்னைச் சிரிக்க வைக்க எங்கள் ஆட்டின் பெயரை எழுதினேன். அம்மா வளர்க்கிற ஆடு என்பதால் முன்னெழுத்து க. கோணலாகக் கையெழுத்தும் போட்டேன். இப்போது அந்த ஆடு பெப்ரவரி பத்தொன்பதாம் திகதி கூட்டத்துக்கு வந்து, கலந்துரையாடி, என் வகுப்பை மூட ஏகமனதாகச் சம்மதித்திருக்கிறது. துணிக்கு வாங்கிய தாள் கூட்டத்துக்குப் போய்விட்டது.

பத்து நிமிடம் சிரித்தேன். பிறகு அம்மாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "என்னத்துக்குன்னு கேட்டேனே, நீ என்னடி சொன்ன?" என்றார்.

நான் சொன்னது எனக்குத் தெரியும். ஒவ்வொரு காம்பரா வாசலிலும் சொன்னேன். "சும்மா போடுங்க, தலைப்பை பொறகு எழுதிக்கலாம்." இருபது வருசமாக அப்படித்தான் வாங்குகிறார்கள். மழையில் ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட முடியாது என்று முதலில் கையெழுத்து, பிறகு விசயம். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன வாய் என்னுடையது. கனகத்தின் மகள் கேட்கிறாள் என்றுதான் போட்டார்கள். என் வகுப்பை மூடின கையெழுத்துகளை வீடு வீடாகப் போய் வாங்கியவள் நான்.

ஆடு யார் என்று சொன்னால் அந்தத் தாள் செல்லாது. சொன்னால் நான் கள்ளக் கையெழுத்துப் போட்டவளும் ஆவேன். நற்சான்றுப் பத்திரம் எழுதப் போகிறவர் விஜேந்திரன் சேர். அம்மா "யோசிச்சுச் செய்" என்றார். யோசித்துவிட்டேன். சொல்லப் போகிறேன்.

பெற்றோர் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டு மறுகூட்டம் கேட்டிருக்கிறோம். ஜூன் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில். அங்கே வந்தால் யாருடைய பேரும் போகாது. நாளை மறுநாள் உனக்குப் பெருநாள், வீட்டுக்கு வருவாய். கூட்டத்தில் நான் கேட்பதற்கு முன் உன் வாப்பாவிடம் நீ கேள். நேராகக் கேட்கவில்லை என்று சொன்னாய் அல்லவா? நீ சொன்னது சரி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

நிரோஜா

---

பதுளை
ஜூன் 10

நிரோஜா,

பெருநாள் அன்று லுணுகலை பஸ் தரிப்பிடத்தில் உன்னைக் கண்டேன். நீ பஸ் நேர அட்டவணையை வாசிப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தத் தரிப்பிடத்தில் அட்டவணையே இல்லை.

வாப்பாவிடம் கேட்டேன். குர்பான் இறைச்சியைப் பங்கு போட்டுப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தோம். ஆட்டைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது என்று நீ சொல்லியிருப்பாய். நான் கை கழுவிவிட்டு உன் கடிதத்தோடு வந்த பிரதியை அவர் முன்னால் வைத்தேன்.

"முப்பத்தேழப் பாருங்க வாப்பா."

பார்த்தார். "வெள்ளையம்மா. ஆரு இது? கனகத்துக்குச் சொந்தமா?"

"கனகம் அக்காட ஆடு."

வாப்பா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதோ விளக்கம் எழுதியிருப்பது போல. "அண்டைக்கு கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தாங்க. வலயக் கல்வி ஒபீசுக்கு அனுப்பக் கையெழுத்துக் காணாது எண்டு சேர் சொன்னார். கையில இருந்த தாளக் குடுத்தேன். தலைப்ப எழுதினது நான்தான். எல்லாரும் சம்மதிப்பாங்கதானே எண்டு நெனச்சேன்" என்றார். உம்மா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்க நெனச்சீங்க. கேக்கல்ல" என்றேன். என் வாழ்க்கையில் வாப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மீதி இறைச்சியை நிறுக்கத் தொடங்கினார். ஒரே பையை மூன்று தரம் நிறுத்தார்.

மடுவத்துக்கு வருவார். குறிப்புப் புத்தகத்தோடு வருவார். எனக்கு அன்று இங்கே மேலதிக வகுப்பு, வர முடியாது. ஒன்று மட்டும். நீ எழுந்து சொல்லும்போது என் பெயரையும் சொல். இலக்கம் போட்டவள் நான். ஆட்டுக்கு இலக்கம் போடும்போது நானும் சிரித்தேன்.

இஸ்ரா

---

மேல் டிவிசன்
ஜூன் 23

இஸ்ரா,

நேற்றுக் கூட்டம். நூறு பேருக்கு மேல். மடுவத்தில் இடம் போதாமல் சாக்குகளின் மேலும் தராசுக்குப் பக்கத்திலும் நின்றார்கள். விஜேந்திரன் சேர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி இருந்த இடத்தில் வெளிச்சம்தான் மிச்சம்.

அம்மா முன்னால் போய் உன் வாப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தத் தாளை மொதல்ல இருந்து வாசிங்க மொதலாளி. பேரைக் கேட்டவங்க பதில் சொல்லட்டும்."

வாசித்தார். ஒன்று, "நான் மலையில நின்னேன்." இரண்டு, "நான் துணிக்குத்தாங்க போட்டேன்." மூன்று, "என் வீட்டுக்காரரு அப்ப ஆஸ்பத்திரியில, நான் அங்க இருந்தேன்." இப்படியே. யாரும் கத்தவில்லை, இஸ்ரா. கத்தியிருந்தால் உன் வாப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, பதில் கேட்டு, அடுத்ததுக்குப் போனார். குரல் முப்பதுக்குப் பிறகு கம்மிவிட்டது.

முப்பத்தேழு வந்தது. அவர் வாசிக்காமல் என்னைப் பார்த்தார். தாண்டிப் போயிருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தாண்டியிருப்பார் என்று நினைக்கிறேன். எழுந்தேன். "அது எங்க ஆடு. போட்டது நான். இலக்கம் போட்டது இஸ்ரா. தலைப்பு இல்லாத தாளில உங்ககிட்ட கையெழுத்து வாங்கினதும் நாங்கதான்" என்றேன். முதலில் ஒரு மூலையில் சிரிப்பு, பிறகு மடுவமே அதிர்ந்தது. வாழ்நாளில் நான் விட்ட பகிடிகளிலேயே அதற்குத்தான் பெரிய சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பிறகுதான் உண்மையான கூட்டம் நடந்தது. கீழ் லயத்து ஆட்டோக்காரர் சொன்னார், உயர்தரப் பிள்ளைகள் இல்லாவிட்டால் ஆறு நாற்பது பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம். அந்தப் பஸ்ஸில்தான் நோயாளிகள் கிளினிக்குக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடத்து விசயம் என்று அதுவரை சும்மா இருந்த கிழங்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு தகப்பனார், "வாத்தியார் இல்லாத வகுப்ப வெச்சு என்ன செய்றது? கேட்டிருந்தா நானே சம்மதிச்சிருப்பேன். கேக்காததால இப்ப சம்மதிக்க மாட்டேன்" என்றார். எனக்கு அவரோடு சண்டை போட வாய் துடித்தது. ஆனால் வாத்தியார் இல்லை என்பது உண்மைதானே. அதையும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டோம்: எத்தனை வெற்றிடம், எப்போதிலிருந்து, யாருக்கு எழுதினார்கள். சேர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஒன்றரை வருசமாக ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பத்தாவதை நாங்கள் எழுதியிருப்போம்.

உன் வாப்பா எல்லார் முன்னாலும் புத்தகத்தில் எழுதினார். அந்தத் தீர்மானம் பெற்றோரின் தீர்மானம் அல்ல என்று. பதவியை விடுவதாகச் சொன்னார். அம்மா, "நீங்களே இருங்க மொதலாளி. இனிமே தலைப்ப மொதல்ல எழுதுங்க" என்றார். அதற்கும் சிரிப்பு. உன் வாப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

எனக்குத் தண்டனை உண்டு. இனி ஒவ்வொரு கூட்டக் குறிப்பையும் பெரிய எழுத்தில் பிரதி எழுதி மடுவத்தில் ஒட்ட வேண்டும், ஒரு வருசத்துக்கு. நற்சான்றுப் பத்திரம் பற்றிச் சேர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு மட்டும் விண்ணப்பம் போட மாட்டேன்.

நிரோஜா

---

பதுளை
ஜூன் 28

நிரோஜா,

வாப்பா நேற்று இங்கே வந்தார். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தாராம், அதிபரும் கூட. வகுப்பைத் திரும்பத் தொடங்கக் கேட்கும் புதிய தீர்மானத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மாமி இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றினார். இரண்டும் ஆறிப் போயின. மடுவத்தில் நடந்ததை நீ எழுதியதைவிடக் கூடுதலாகச் சொன்னார். தன்னைக் குறைத்தே சொன்னார்.

வலயத்தின் பதில் இது: ஜூலை பதினெட்டுக்குள் பதினைந்து மாணவர் வகுப்பில் இருந்தால் இந்த வருசம் நடத்தலாம். ஒரு புவியியல் ஆசிரியரை வாரம் மூன்று நாள் அனுப்புவார்கள். பதினைந்து இல்லாவிட்டால் இல்லை.

நான் வரட்டுமா? மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் கேட்கிறேன்.

கலாராணி வேலை செய்யும் கடை எது என்று வாப்பா விசாரிக்கிறார். கொழும்பில் சரக்கெடுக்கும் இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

உன்னை அன்பிளாக் பண்ணிவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது. கைப்பேசியில் நீ சிரிப்பு முகம் போட்டுத் தப்பிவிடுகிறாய்.

இஸ்ரா

---

மேல் டிவிசன்
ஜூலை 18

இஸ்ரா,

வராதே என்று நான் போனில் சொன்னது கோபத்தில் இல்லை. நீ மூன்றாம் வரிசையைப் பிடிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிள்ளைகள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. அனுப்பப்பட்டுவிட்டார்கள். அனுப்பியவர்களுக்குச் செய்தி போகவில்லை. நீ வந்து இலக்கத்தை நிரப்பினால் அந்தச் செய்தி போகாமலே போய்விடும்.

இனி நடந்தது. போன வாரம் பரீட்சைப் பெறுபேறு வந்தது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. புதுப் பதிவேட்டில் பதினைந்து பெயர், உட்கார்ந்திருந்தது பதினாலு பேர். பதினைந்தாவது கலாராணி, வருவாள் என்ற நம்பிக்கையில் எழுதியது. சேர் பெயர் கூப்பிட்டார். கடைசியில் "கலாராணி" என்று சொல்லிவிட்டு நிமிரவே இல்லை. பேனா கட்டத்துக்கு மேல் நின்றது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட்டிருப்பார். பின்னால் இருந்து ஒருத்தி என் முதுகில் குத்தினாள். "சொல்லுடி, வந்திருக்கான்னு சொல்லு. வலயத்தில இருந்து வந்து எண்ணவா போறாங்க?"

எண்ண மாட்டார்கள்தான். ஒரு சின்னக் கோடு. அது போட்டால் வகுப்பு இருக்கும், கொழும்பு வீட்டுப் பிள்ளை யாரோ வேறொருத்தி மடியில் அழும். எனக்குக் கள்ளக் கையெழுத்தில் அனுபவமும் உண்டு. வாய் வரைக்கும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"வரல்ல சேர்" என்றேன்.

வகுப்பே என்னை முறைத்தது. சேர் பேனாவை மூடிவிட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "வெள்ளிக்கிழமை காலையில பட்டியல் அனுப்பணும்" என்றார்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எந்தக் கடையாம்?" என்றார். புதன்கிழமை விடிய உன் வாப்பா சரக்கெடுக்கப் போகும் வேனில் அம்மாவும் நானும் ஏறினோம். பசறை தாண்டினோம். பிறகு உன் வாப்பா, "பிள்ளைக்கு வாந்தி வந்தா சொல்லச் சொல்லுங்க" என்றார் அம்மாவிடம், நான் பக்கத்திலேயே இருக்கும்போது. எங்களுக்குள் சமாதானம் அப்படித்தான் நடந்தது.

கலாராணி சேலைகளை மடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். கடைக்கார ஐயாவோடு உன் வாப்பா பேசிக்கொண்டிருக்க, நாங்கள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். "போன தடவையும் வகுப்பு இருக்கும்னுதான் இருந்தேன். இப்ப இருக்குன்னு யாரு சொல்றா? நீயா?" என்றாள். நான் சொன்னதை யாரும் நம்ப வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்பது எனக்கே தெரியும்.

அம்மா பையிலிருந்து வலயத்தின் கடிதப் பிரதியை எடுத்தார். மடுவத்தில் ஒட்டியதன் மறுபிரதி. "நான் சொல்லல. நீயே படி. படிச்சிட்டு வரணுமா வேணாமான்னு நீ சொல்லு" என்றார்.

இரண்டு தரம் படித்தாள். "மூணு நாளைக்குத்தான் வாத்தியாரா?"

"மூணு நாளைக்குத்தான்."

"மத்த ரெண்டு நாளைக்கு?"

"வெற்றிடம். அதுக்கு அம்மா இன்னொரு விண்ணப்பம் போட்டிருக்கு" என்றேன்.

"நான் வரலைன்னா?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க அவருக்கு மனமில்லை. ஆனால் மறைத்துக் கூட்டிக்கொண்டு வந்தால் நாங்கள் யார்? "நீ வரலைன்னா பதினாலு. வகுப்பு இல்ல. ஆனா அதுக்காக வராத. உனக்குப் படிக்கணும்னா வா" என்றேன். அவள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திவிட்டாள். அரை மணி நேரம், இஸ்ரா. சேலைக் கடையின் பின்கதவில் என்னென்ன கீறல் இருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

கதவு திறந்தபோது கையில் அவளுடைய பை இருந்தது.

அவள் வீட்டில் நேற்று முழுக்கச் சண்டை. அவள் அப்பா கடிதத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாதவர், பக்கத்துக் காம்பராவில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொரு காம்பராவிலும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வாசித்தார்கள் என்றதும் "சரி போ" என்றார்.

இன்று காலை சேர் பதிவேட்டைத் திறந்தார். அதே பேனா. ஒன்றிலிருந்து பதினாலு வரைக்கும் வேகமாகக் கூப்பிட்டார். பதினைந்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கலாராணி" என்றார்.

நாங்கள் பதினாலு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அவளே சொன்னாள்.

நிரோஜா